மொபைலில் சோலார் லேப்: நிஜமா, பாவ்லாவா?

இந்த முறை டெல்லி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சோலார் பற்றியவைதான் அதிகம். அதிலும் 'ரிமோட் லேப்' என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்ததால், சொத்து வரி, ரேஷன் கார்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். வரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், என் பையன் ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரிகல் இரண்டாம் வருஷம் படிக்கிறான். சோலார் லேப் என்று தனியாகக் கட்டணம் வாங்கினார்கள். ஆனால் அதற்குக் கல்லூரிக்கே போக வேண்டாமாம். கட்டிலில் படுத்துக்கொண்டு மொபைலில் நாலு பட்டனைத் தட்டிவிட்டு "ப்ராக்டிகல் முடிஞ்சுதும்மா" என்கிறான். எங்கேயோ இருக்கிற பேனலை இங்கிருந்தே இயக்குகிறானாம். இது நிஜமா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா?
– ஓர் அம்மா, ஆர்.கே.புரம்

பதில்: பையன் சொல்வது நிஜமாகவே இருக்கலாம் அம்மா. ஆனால் 'ஆன்லைன் லேப்' என்று சொல்லி இரண்டு வேறு வேறு சரக்கை விற்கிறார்கள். நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

முதல் சரக்கு, சிமுலேஷன். அங்கே பேனலும் கிடையாது, வெயிலும் கிடையாது. சோலார் செல்லின் சமன்பாட்டை ஒரு புரோகிராமுக்குள் போட்டு, திரையில் ஒரு சூரியன் படம் வரைந்து, வெயிலைக் கூட்டு, குறை என்று விளையாட விடுவார்கள். பாடம் புரிய அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை, அதில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன என்பது வேறு விஷயம்.

இரண்டாவதுதான் அசல் ரிமோட் லேப். ஏதோ ஒரு மொட்டைமாடியில் நிஜமான பேனல் நிற்கும். அதன் முதுகில் வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒட்டியிருக்கும், பக்கத்தில் கண்ணாடிக் குமிழ் மூடிய பைரனோமீட்டர், அது சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெயில் விழுகிறது என்று சொல்லும். பையன் பட்டனைத் தட்டியதும் அங்கே இருக்கிற எலக்ட்ரானிக் லோடு பேனலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை இழுக்க ஆரம்பிக்கும். பூஜ்யத்திலிருந்து பேனல் தாங்குகிற உச்சம் வரை ஒவ்வொரு படியிலும் வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று குறித்து, வளைவாக வரைந்து அனுப்பும். இதெல்லாம் ஓரிரு வினாடியில் முடிந்துவிடும். கூடவே ஒரு கேமரா இருந்தால் பேனல் மேல் புறா உட்கார்ந்திருப்பதுகூடத் தெரியும்.

எது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்பைத் திறக்கச் சொல்லுங்கள். விளக்கு வைத்து நடத்தும் லேப் என்று சொல்லியிருந்தால் வேறு, இல்லையென்றால் அந்த நேரத்தில் 850 வாட் வெயில் காட்டுகிற பேனல் பூமியில் இந்தப் பக்கம் எங்கேயும் இருக்க முடியாது. பகலிலும் சோதிக்கலாம். ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை ஓட்டச் சொல்லுங்கள், கடைசி இலக்கம் வரை அதே எண் வந்தால் அது நிஜப் பேனல் இல்லை. நிஜ வெயில் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது.

இந்த யோசனை ஒன்றும் கொரோனாவுக்குப் பிறகு முளைத்ததல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஹேசூஸ் டெல் அலமோ என்ற பேராசிரியர் 1998-லேயே செமிகண்டக்டர்களை அளக்கும் விலையுயர்ந்த கருவியை இணையத்தில் இணைத்து, மாணவர்கள் விடுதி அறையிலிருந்தே பயன்படுத்தும்படி செய்தார். நம் நாட்டில் 2009-ல் மத்திய அரசு தொடங்கிய கல்வித் தொழில்நுட்ப இயக்கத்தின் கீழ் 'விர்ச்சுவல் லேப்ஸ்' திட்டம் வந்தது. அதை ஒருங்கிணைப்பது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், ஹௌஸ் காஸில் இருக்கும் ஐ.ஐ.டி. டெல்லிதான். அதில் பங்கெடுத்த அமிர்தா பல்கலைக்கழகத்தார் சோலார் செல்லுக்கென்றே ஒரு ரிமோட் லேப் அமைத்தார்கள். ஆக, விஷயம் கௌரவமானதுதான்.

கல்லூரியில் ஒன்று மட்டும் கேளுங்கள்: பேனல் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தின் மேல் இருக்கிறது? பதில் உடனே வந்தால் சரி. "சர்வரில் இருக்கிறது" என்றால் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு செய்வதைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. வந்த எண்ணைப் பார்த்து 'ஏன் இப்படி?' என்று எழுந்து உட்காருகிறானா என்று பாருங்கள். அடுத்த கடிதத்தை எழுதிய தம்பி அப்படி எழுந்து உட்கார்ந்தவர்தான்.

கேள்வி: சார், எங்கள் ரிமோட் லேப் பேனல் வேறொரு கல்லூரியின் மாடியில் இருக்கிறது. 335 வாட் பேனல், 72 செல். மே மாதம் நண்பகலில் எடுத்தபோது 226 வாட்தான் வந்தது. வெயில் 850, காற்று 42 டிகிரி, பேனல் முதுகு 67 டிகிரி என்று காட்டியது. பேனல் கெட்டுப்போய்விட்டதா? இன்னொரு நாள் சாயங்காலம் எடுத்ததில் வளைவு நடுவில் படிக்கட்டு மாதிரி இறங்கியது. ரெக்கார்டில் எழுத முடியாமல் நண்பன் சிமுலேஷனில் எடுத்த அழகான வளைவை வரைந்து கொடுத்துவிட்டான். நானும் அப்படியே செய்யலாமா?
– மாணவர், துவாரகா

பதில்: செய்யாதே தம்பி. உன் கையில் இருப்பதுதான் தங்கம், நண்பன் வரைந்தது வெறும் படம்.

335 என்பது தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட நிலையில் அளந்த எண். வெயில் 1000 வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரி. இரண்டும் சேர்ந்து மே மாத டெல்லியில் ஒருநாளும் நடக்காது. இப்போது கணக்குப் போடு. வெயில் 850 என்றால் முதலில் 335-ல் 85 சதவீதம், சுமார் 285 வாட். அப்புறம் சூடு. பேனல் முதுகு 67 என்றால் உள்ளே செல் இன்னும் இரண்டு டிகிரி கூடவே இருக்கும், 69 என்று வைத்துக்கொள். 25-ஐ விட 44 டிகிரி அதிகம். டேட்டாஷீட்டில் வெப்பக் குணகம் என்று ஒரு வரி இருக்கும், சூடு ஒரு டிகிரி ஏறினால் எத்தனை சதவீதம் வாட் குறையும் என்று அது சொல்லும், இந்த மாதிரிப் பழைய பாலி (பாலிகிரிஸ்டலைன் சிலிக்கான்) பேனல்களுக்கு அது டிகிரிக்கு 0.4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 44 டிகிரிக்குப் பதினேழரை சதவீதம் போய்விட்டது. 285-லிருந்து அதைக் கழித்தால் 235. உனக்கு வந்தது 226. மிச்சம் ஒன்பது வாட்டை மே மாத ஆந்தியின், அதாவது புழுதிப்புயலின், புழுதியிலும் வயரின் நீளத்திலும் தேடு, கிடைத்துவிடும். பேனலுக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த ஒரு கணக்குக்காகவே ரிமோட் லேப் வைக்கலாம் என்பேன். 'வெயில் அதிகமானால் கரண்ட் அதிகமாகும்' என்று எல்லோருக்கும் தெரியும். சூடு அதிகமானால் வோல்டேஜ் விழும் என்பது, அதாவது ஒவ்வொரு செல்லுக்கும் டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் சொச்சம் போகும் என்பது, நிஜ மாடியில் அளந்து பார்த்தவனுக்குத்தான் மண்டையில் ஏறும்.

சாயங்காலப் படிக்கட்டு இன்னும் சுவாரஸ்யம். பேனலில் 72 செல்லும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இணைந்திருக்கின்றன. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் அட்டையைத் தேடிக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் நிற்பது மாதிரி, ஒரே ஒரு செல் மேல் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் கரண்டும் மட்டுப்படும். அதைத் தவிர்க்கத்தான் பின்பக்கப் பெட்டியில் மூன்று பைபாஸ் டையோடு வைத்திருக்கிறார்கள், 24 செல்லுக்கு ஒன்று. நிழல் விழுந்த பகுதியை டையோடு சுற்றிக்கொண்டு போய்விடும். அந்த மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் போனதைத்தான் உன் வளைவு படியாகக் காட்டுகிறது. அன்றைய கேமராப் படம் இருந்தால் எடுத்துப் பார், தண்ணீர்த் தொட்டியோ கைப்பிடிச் சுவரோ நிழல் போட்டிருக்கும். படி எந்த வோல்ட்டில் வருகிறது என்று குறித்துக்கொள், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி வந்தால் ஒரு டையோடு வேலை செய்திருக்கிறது, மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்தால் இரண்டு.

ஒரு சந்தேகத்தையும் மனசில் வைத்துக்கொள். வளைவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே மேகம் கடந்துபோனாலும் கோடு கோணலாகும். ஆனால் அது படியாக நிற்காது, அடுத்த தடவை எடுத்தால் காணாமல் போய்விடும். அதனால் எதையும் மூன்று தடவை ஓட்டு. ரெக்கார்டில் மூன்றையும் ஒட்டி, நேரத்தைப் போட்டு, மேலே இருக்கிற கணக்கை எழுது. மார்க் குறைத்தால் எனக்கு எழுது, அந்த ஆசிரியருக்கும் இந்தப் பத்தியிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பௌர்ணமி வெளிச்சத்தில் சோலார் பேனல் வேலை செய்யுமா? ராத்திரி லேப் நடத்தலாமே!
– குறும்புக்கார வாசகர், கரோல் பாக்

பதில்: செய்யும். நல்ல வெயிலைவிட முழுநிலவின் வெளிச்சம் சுமார் நாலு லட்சம் மடங்கு குறைவு. 335 வாட் பேனலில் ஒரு மில்லிவாட்கூடத் தேறாது. லேப் நடத்தலாம், பல்ப்தான் எரியாது.

கேள்வி: வணக்கம். நான் இங்கே ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சோலார் செல் கிட். விலைக்கு விற்கும் ரிமோட் லேப் சந்தா எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்களே சின்னதாக ஒன்று செய்துகொள்ள முடியுமா?
– ஓர் ஆசிரியை, லோதி ரோடு

பதில்: தாராளமாக முடியும் டீச்சர், லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரு நடை போய்வந்தால் முக்கால்வாசிப் பொருள் கிடைத்துவிடும்.

பத்து வாட் பேனல் ஒன்று வாங்குங்கள், இல்லை, ஒரே மாதிரி இரண்டாக வாங்கிவிடுங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கென்று விற்பதுதான், திறந்த நிலையில், அதாவது எதையும் இணைக்காதபோது, 21, 22 வோல்ட் காட்டும், உச்சக் கரண்ட் 0.6 ஆம்பியர் அளவில் இருக்கும், பிள்ளைகள் கை பட்டாலும் பயமில்லை. வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று. வோல்டையும் ஆம்பியரையும் சேர்த்து அளக்க ஐ.என்.ஏ.219 என்ற சின்ன மாட்யூல், அது 26 வோல்ட் வரை தாங்கும், நமக்குப் போதும். பேனல் முதுகில் ஒட்ட டி.எஸ்.18பி20 வெப்ப சென்சார்.

எலக்ட்ரானிக் லோடு விலை அதிகம். அதற்குப் பதில் ஒரு பெரிய கெபாசிட்டர் போதும், 4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். வெறுமையான கெபாசிட்டரைப் பேனலோடு இணைத்த கணத்தில் அது ஷார்ட் சர்க்யூட் மாதிரி நடந்துகொள்ளும், முழுக் கரண்ட் பாயும். நிரம்ப நிரம்ப வோல்ட் ஏறி, கடைசியில் கரண்ட் நின்றுபோகும். அதாவது பேனலின் முழு வளைவையும் கெபாசிட்டர் தானாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டிவிடுகிறது. நல்ல வெயிலில் அதற்கு வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும், அதற்குள் அந்த சென்சார் நூறு புள்ளிகள் அளவுக்கு எடுத்துவிடும், மேகம் வந்து கெடுக்க நேரமே இல்லை. அடுத்த அளவுக்கு முன் கெபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்ய வேண்டும். இரண்டு ரிலே, அதாவது போர்டு சொன்னபடி மாறும் சுவிட்ச், இருந்தால் அந்த வேலையை போர்டே பார்த்துக்கொள்ளும். எனக்கு இந்தச் சுற்றின் மேல் தனிப் பிரியம், ஏனென்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கெபாசிட்டர் பாடமும் செமிகண்டக்டர் பாடமும் ஒரே மேஜையில் சந்திக்கின்றன.

பைரனோமீட்டர் வாங்க வேண்டாம். இன்னொரு குட்டி சோலார் செல்லை ஷார்ட் செய்து அதன் கரண்டை மட்டும் அளந்தால் வெயிலின் அளவு தெரிந்துவிடும், ஷார்ட் சர்க்யூட் கரண்ட் வெயிலுக்கு நேர் விகிதம்.

இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். பள்ளி இணைப்பை வெளியே திறந்து வைக்காதீர்கள், போர்டு அளவுகளை வெளியே ஓர் இணையப் பக்கத்துக்கு அனுப்பட்டும், பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்க்கட்டும், வெளியிலிருந்து எவரும் பள்ளிக்குள் நுழைய வழி இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அளக்கலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்கட்டும், இல்லாவிட்டால் இருவர் எண்ணும் கலந்துவிடும்.

இரண்டு பேனல் எதற்கு என்றால், ஒன்றை வாரம் ஒருமுறை துடையுங்கள், மற்றதைத் தொடவே தொடாதீர்கள். டெல்லிப் புழுதிக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது, நவம்பரில் பிள்ளைகளே இரண்டு வளைவையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம் ஓடிவருவார்கள். அப்புறம் ஒரு நாளாவது அத்தனை பேரையும், பத்துப் பத்துப் பேராக, மாடிக்கு அழைத்துப் போய்ப் பேனலைத் தொட்டுப் பார்க்க வையுங்கள். தொட்ட பேனலின் எண்ணைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

கேள்வி: பேரன் குளிர்காலத்தில் லேப் செய்யப்போவதாகச் சொல்கிறான். ஜனவரியில் இங்கே சூரியனையே பார்க்க முடியவில்லை. பனிமூட்டத்தில் அளந்து என்ன பிரயோஜனம்?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மயூர் விகார்

பதில்: பிரயோஜனம் இருக்கிறது ஐயா. மூட்டமான நாளில் வெயில் 200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தில் ஒரு பங்கு. கரண்டும் அப்படியே ஐந்தில் ஒரு பங்காகிவிடும், 9 ஆம்பியர் தரும் பேனல் 2-ஐக்கூடத் தொடாது. ஆனால் திறந்த நிலை வோல்டேஜ் 46 இருந்தது 43-ஐ ஒட்டியே நிற்கும், குளிர் வேறு அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். மல்டிமீட்டரில் வோல்ட் மட்டும் பார்த்துவிட்டு "பேனல் நல்லாத்தான் இருக்கு" என்று போகிற மெக்கானிக்குகள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதை உங்கள் பேரன் ஜனவரியில்தான் தெரிந்துகொள்வான். முழு வெயிலும் வேண்டுமென்றால் ராஜஸ்தானிலோ தமிழ்நாட்டிலோ இருக்கிற பேனலைத் திறந்துகொள்ளட்டும், ரிமோட் லேப்பில் அந்த வசதிதானே விசேஷம்.

கேள்வி: அண்ணே, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். சோலாருக்கு மாறலாம் என்று இருக்கிறேன். ஆன்லைன் லேப்போடு ஒரு கோர்ஸ், மூன்று வாரத்தில் சான்றிதழ் என்கிறார்கள். சேரலாமா?
– எலக்ட்ரீஷியன், திரிலோக்புரி

பதில்: அந்தக் காசை வைத்துக்கொள் தம்பி. ரிமோட் லேப் அளக்கக் கற்றுக்கொடுக்கும், கையைப் பழக்காது. உனக்கு வேண்டியது கைப்பழக்கம்.

பத்துப் பேனலை வரிசையாக இணைத்தால் 460 வோல்ட் டி.சி. நீ பழகியது ஏ.சி. அதில் கரண்ட் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி விழுந்தாலும் அணைய வாய்ப்பு உண்டு. டி.சி.யில் அந்தப் பூஜ்யமே கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர்களைச் சேர்க்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கினால் தீ நின்று எரியும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது, வெயில் இருக்கிறவரை பேனலில் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். கனெக்டரைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்வது, இரண்டு வேறு கம்பெனி கனெக்டரைச் சேர்க்காமல் இருப்பது, எர்த்திங், உயரத்தில் பெல்ட் மாட்டி நிற்பது, இதில் ஒன்றையாவது மொபைலில் கற்றுக்கொள்ள முடியுமா, சொல்.

மத்திய அரசின் 'சூர்யமித்ரா' பயிற்சி உனக்காகவே இருக்கிறது. 600 மணி நேரம், அதாவது சுமார் மூன்று மாதம், கட்டணம் இல்லை, பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் இருந்தால் தகுதி உண்டு. அதை நடத்தும் தேசிய சூரிய சக்தி நிறுவனம் குருகிராம் பக்கம் குவால் பஹாடியில், டெல்லி எல்லையைத் தாண்டினதும் இருக்கிறது. அடுத்த சேர்க்கை எப்போது, எந்த மையத்தில் என்று அவர்கள் இணையதளத்தைப் பார், இல்லை ஒரு நாள் நேரிலேயே போய்க் கேட்டுவிடு. வேலைக்குப் பஞ்சம் வராது. 2024 பிப்ரவரியில் அறிவித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கோடி வீடுகளுக்கு இலக்கு வைத்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறார்கள், அத்தனை மாடியிலும் யாராவது ஏறித்தானே ஆக வேண்டும்.

பயிற்சி முடித்த பிறகு ரிமோட் லேப் பக்கம் வா, அதுவும் இலவசமாகக் கிடைப்பதில். துவாரகாத் தம்பிக்குச் சொன்ன அந்தப் படிக்கட்டு வளைவை, மாடியில் ஐ-வி டிரேசர் என்ற, கரண்ட்-வோல்ட் வளைவை வரையும் கையடக்கக் கருவியை வைத்துப் பார்க்கிற வேலை பெரிய கம்பெனிகளில் இருக்கிறது. எந்த வளைவு நிழல், எது புழுதி, எது செத்த டையோடு என்று ஒரே பார்வையில் சொல்லத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குச் சம்பளமும் வேறு.